கடைசி அட்டையில் என் பெயர்

அந்த ஹாலிவுட் நடிகையின் முகத்தைப் பதினோரு வாரம் நான் பார்த்திருக்கிறேன். சினிமா பார்ப்பதுபோல் அல்ல. நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி ஓட்டி, அவர் வாய் திறக்கும் நொடியையும் மூடும் நொடியையும் சரிபார்த்து. அவருடைய இடது புருவத்துக்கு மேலே ஒரு சிறு தழும்பு உண்டு. எந்தக் காட்சியில் அது பவுடரை மீறித் தெரியும், எதில் தெரியாது என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். அது பிரெஞ்சுப் படம். பதினெட்டாம் நூற்றாண்டில், பிரான்சின் ஒரு துறைமுக ஊரில், கப்பல் முதலாளி வீட்டுக்கு வாக்கப்பட்டு வரும் வெளிநாட்டுப் பெண்ணாக அவர் நடித்திருந்தார். இரண்டே கால் மணி நேரமும் பிரெஞ்சிலேயே பேசினார். அதற்குத் தமிழ் சப்டைட்டில் எழுதியவள் நான். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. எனக்கும் தெரியாது.

அந்த வேலையைச் செய்தபோது அமெரிக்காவில் வேலை செய்யும் அனுமதியும் எனக்கு இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நானும் என் கணவரும் இதைச் சொல்லாமல் கழித்த நாட்களைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். சென்னையில் ஐந்து வருடம் மென்பொருள் சோதனைப் பிரிவில் இருந்தேன். கல்யாணமாகி டெக்சாஸில் இர்விங்குக்கு வந்தது ஹெச்-4 விசாவில், அதாவது ஹெச்-1பி விசாவில் வேலை பார்ப்பவரின் மனைவி என்ற தகுதியில். அந்த விசாவில் கார் ஓட்டலாம், படிக்கலாம், நூலகத்தில் உறுப்பினராகலாம். வேலை செய்யக் கூடாது. நிரந்தரமாகத் தங்குவதற்கான கணவரின் கிரீன் கார்டு ஏற்பாடு ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்ததால், தனியாக ஒரு வேலை அனுமதி அட்டைக்கு நான் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். எங்கள் அபார்ட்மென்டில் அதற்கு இஏடி என்று பெயர். பெண்கள் நீச்சல் குளத்தருகே சந்தித்தால் "சாப்பிட்டாச்சா" என்பதற்கு அடுத்த கேள்வி "இஏடி வந்துச்சா" என்பதுதான்.

ஜனவரியில் விண்ணப்பித்தேன். மார்ச்சிலும் வரவில்லை. அந்த நாட்களில் தினமும் காலையில் செய்ய வேண்டியவற்றைப் பட்டியலாக எழுதுவேன். ஏழு வரி இருக்கும். அதில் இரண்டு வரி, பட்டியல் சிறியதாகத் தெரியக் கூடாது என்பதற்காகவே எழுதியவை.

அப்போதுதான் கல்லூரித் தோழி அழைத்தாள். சென்னையில் சப்டைட்டில் செய்துகொடுக்கும் ஒரு நிறுவனத்தில் தமிழ்ப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவள்.

"ஏய், பிரெஞ்சுப் படம் ஒண்ணு வந்திருக்குடி. ஹாலிவுட் ஹீரோயின், ராஜா ராணி காலத்து டிரெஸ்ஸு, எல்லாம் பிரம்மாண்டம். தமிழ் பண்ணிட்டிருந்த பொண்ணு டெலிவரிக்குப் போயிட்டா. நீ பண்றியா?"

"எனக்கு பிரெஞ்சு தெரியாதே."

"இங்க யாருக்குடி தெரியும்? இங்கிலீஷ்ல டெம்ப்ளேட் வரும், டைமிங் எல்லாம் போட்டே வரும். நீ தமிழ் மட்டும் எழுதணும். ரெண்டு வரிக்கு மேல போகக் கூடாது, ஒரு வரிக்கு இத்தன எழுத்துக்கு மேல போகக் கூடாது, படிக்க நேரம் இருக்கணும். கட்டம் கட்டமா ரூல்ஸு. உன்ன மாதிரி கிறுக்குக்குன்னே செஞ்ச வேலை."

நான் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. என் வழக்கப்படி ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். நிறுவனம் சென்னையில் இருக்கிறது. சம்பளம் நான் மூடாமல் விட்டு வந்த சென்னைக் கணக்குக்குப் போகும். மடிக்கணினிகூட சென்னையில் வாங்கியது. எழுதப்போவது தமிழ். படிக்கப்போகிறவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டில் இருப்பவர்கள். இப்படி எட்டுக் காரணங்கள் எழுதினேன். அமெரிக்காவில் இருந்தது நான் மட்டும்தான். அது பட்டியலில் வரவில்லை.

கணவரிடம் கேட்டேன். அவர் லாஸ் கொலினாஸில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறார், அதற்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஷூ மாட்டிக்கொண்டே சொன்னார்.

"இண்டியா கம்பெனி, இண்டியா அக்கவுண்ட். இதுல யூ.எஸ். எங்கம்மா வருது? எங்க டீம்லயே நாலு பேரோட வைஃப் பண்றாங்க. நீ வீட்ல சும்மா உக்காந்து உக்காந்து என்னையே டெஸ்ட் பண்ணிட்டிருக்க. பண்ணு, பண்ணு."

அப்படித்தான் ஆரம்பித்தது. காலை ஏழரைக்குத் தோழியோடு பேச்சு, அங்கே மாலை. பிறகு சாப்பாட்டு மேசையில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டும் நாற்காலியில் உட்கார்ந்து மதியம் வரை வேலை. என்ன செய்தாலும் பதிவு வைப்பது என் பழக்கம். ஒரு தாளில் தேதி, உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், எத்தனையாவது வரியிலிருந்து எத்தனையாவது வரி வரை என்று குறித்துவந்தேன். அது யாரும் கேட்காத தாள்.

கஷ்டமாக இருந்தது உடைகள்தான். கல்யாணத்தன்று அந்தப் பெண்ணுக்கு உடுத்திவிடும் காட்சி நாலரை நிமிடம். இரண்டு பணிப்பெண்கள் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எடுத்துக் கொடுக்கிறார்கள். இடுப்புக்கு இரண்டு பக்கமும் கட்டும் கூடு, அதற்கு மேல் பாவாடை, அதற்கு மேல் இன்னொன்று, மார்பை இறுக்கும் கச்சு, அதன் முன்புறம் செருகும் முக்கோணத் துண்டு. ஒரு இடத்தில் 'உள்பாவாடை' என்று எழுதி அனுப்பினேன். சென்னையிலிருந்து திருத்தம் வந்தது: 'மேடம், இத மாத்துங்க. ஜனங்க சிரிப்பாங்க.' நான் மாற்றவில்லை. உள்பாவாடைக்கு வேறு என்ன சொல்வார்கள்? மூன்று நாள் சண்டை போட்டு ஜெயித்தேன். அமெரிக்கா வந்தபிறகு நான் ஜெயித்த முதல் சண்டை அது.

நடிகையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அந்தப் படத்துக்காகப் பல மாதம் பிரெஞ்சு பழகினார், உடனிருக்க ஓர் ஆசிரியை இருந்தார், வசனங்களை முதலில் ஒலியாகவே மனப்பாடம் செய்தார் என்றெல்லாம் இருந்தது. அவருக்கும் பிரான்சில் வேலை செய்ய ஏதோ ஓர் அனுமதி தேவைப்பட்டிருக்கும். தயாரிப்பு அலுவலகத்தில் யாரோ ஒரு பெண் அதற்கான காகிதங்களைப் பூர்த்தி செய்து, வாங்கி, ஒரு கோப்பில் வைத்திருப்பாள். எந்தப் பேட்டியிலும் அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

மூன்றாவது வாரம் ஒன்றைக் கவனித்தேன். மற்றவர்கள் பேசும்போது அவர் அவர்களுடைய கண்களைப் பார்ப்பதில்லை, வாயைப் பார்க்கிறார். ஒரு நொடிக்கும் குறைவான நேரம்தான். வேகமாக ஓடும்போது யாருக்கும் தெரியாது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் தெரியும். எதிரில் இருப்பவரின் வாக்கியம் எங்கே முடிகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. உதடு நிற்பதற்காகக் காத்திருந்து, நின்றதும் தன் வசனத்தைத் தொடங்குகிறார். விருந்துக் காட்சியில் எல்லோரும் சிரிக்கும்போது அரை நொடி பிந்திச் சிரிக்கிறார். விமர்சகர்கள் அதை நடிப்பு என்று எழுதினார்கள். இருக்கலாம். வந்த புதிதில் கணவரின் அலுவலக விருந்துகளில் நானும் அப்படித்தான் சிரித்தேன். எனக்கு ஆங்கிலம் தெரியும். ஆனாலும் டெக்சாஸ்காரர்கள் எங்கே நகைச்சுவையை முடிக்கிறார்கள் என்று தெரிய ஒரு வருடம் ஆயிற்று.

வேலை முடிந்ததும் தோழி கேட்டாள். "படம் முடிஞ்சு வர்ற கடைசி கார்டுல பேர் போடலாமாம். கம்பெனி பேர் மட்டும் போதும்னா விட்டுடலாம். உன் பேர் வேணுமா?"

"வேணும். இனிஷியலோட."

"என்னடி, பத்திரிகை அடிக்கற மாதிரி கேக்கற."

இரண்டரை வருடத்தில் இந்த நாட்டில் என் பெயர் தனியாக எழுதப்பட்ட காகிதம் ஓட்டுநர் உரிமம் மட்டும்தான். கடைசி அட்டையில் வேண்டும் என்று நான் அடம்பிடித்ததற்கு அதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

கடைசிக் கோப்பை அனுப்பியது ஒரு வெள்ளிக்கிழமை. பத்தொன்பது நாள் கழித்து இஏடி அட்டை தபாலில் வந்தது. அட்டையில் எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்று போட்டிருந்தது. அந்தத் தேதியையும் என் தாளில் இருந்த கடைசித் தேதியையும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பிறகு தாளை மடித்து உள்ளே வைத்துவிட்டேன். கோடையில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் சோதனைப் பொறியாளர் வேலை கிடைத்தது. முறையான வேலை, முறையான அட்டை. நடிகையையும் கப்பல் முதலாளியையும் மறந்தும்போனேன்.

அக்டோபரில் படம் ஓடிடியில் வந்தது.

எங்கள் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் ஓர் ஆண்ட்டி இருக்கிறார். மகன் குடும்பத்தோடு இருப்பவர்; மதியங்களில் தமிழ் சப்டைட்டில் உள்ள எதையும் விடாமல் பார்ப்பவர். ஒரு சனிக்கிழமை பகல் அபார்ட்மென்ட் தமிழ்க் குழுவின் வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. தொலைக்காட்சித் திரையைக் கைபேசியால் எடுத்தது. கறுப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து, தமிழ் மொழிபெயர்ப்பு, அதன் கீழே இனிஷியலோடு என் பெயர். ஆண்ட்டி கேட்டிருந்தார்: 'இது நம்ம மூணாம் மாடிப் பொண்ணா???'

கைதட்டல்களும் பூங்கொத்துகளும் வந்து விழுந்தன. அன்று மாலையே பார்க்கிங்குக்குப் பின்னால் உள்ள கூடத்தில் பாட்லக். எல்லோரும் சமைத்துக்கொண்டு வந்து சேர்ந்து சாப்பிடுவது. நான் எலுமிச்சை சாதத்தோடு உள்ளே நுழைந்ததும் ஆண்ட்டி கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, சொல்லவே இல்ல! அந்த மாமியார்காரி பேசறதெல்லாம் நீ எழுதினதா? நான் என் பையன்ட்ட சொன்னேன், வெள்ளக்காரிக்கும் நம்ம ஊர் வாய்தான்டான்னு."

"தேங்க்ஸ் ஆண்ட்டி."

"அந்த ஹீரோயின் பொண்ணு என்னமா பிரெஞ்சு பேசுது! அமெரிக்காக்காரியாம். எம் பேரனுக்கு 'அம்மா'ன்னு கூப்பிட வரல."

சிரித்தார்கள். பக்கத்தில் தட்டோடு நின்றிருந்த ஒரு பெண், அவளும் ஹெச்-4, தன் அட்டைக்கு ஏழு மாதமாகக் காத்திருப்பவள், சாதாரணமாகக் கேட்டாள்.

"சூப்பர் அக்கா. எப்ப பண்ணீங்க? உங்களுக்கு இஏடி ஜூன்லதானே வந்துச்சு?"

அவளிடம் எந்த உள்நோக்கமும் இல்லை என்றே இன்றும் நினைக்கிறேன். யாருக்கு எப்போது அட்டை வந்தது என்பது எங்கள் கட்டிடத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். "ஆமா, அப்பதான்" என்று சொன்னேன். எதற்கு 'ஆமா' என்று எனக்கே தெரியவில்லை. மேசையின் மறுபக்கம் கணவர் கரண்டியைத் தயிர்சாதத்திலேயே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அந்த மாதமே கிரீன் கார்டு வரிசையில் அவருடைய தேதி, அதாவது கடைசி விண்ணப்பத்தைப் போடும் முறை, வந்தது. பதினோரு வருடக் காத்திருப்பு அது. மற்ற வீடுகளில் இந்தச் செய்திக்குப் பாயசம் வைப்பார்கள். எங்களுக்கு விசா வழக்கறிஞரிடமிருந்து நாற்பது பக்கக் கேள்விப் படிவம் வந்தது, ஆளுக்கொன்று. ஒரு ஞாயிறு காலை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து பூர்த்தி செய்தோம். பிறந்த ஊர், பெற்றோர் பெயர், இதுவரை இருந்த முகவரிகள். பிறகு ஆமாம், இல்லை என்று கட்டத்தில் குறிக்கும் கேள்விகள் வரிசையாக வந்தன. தீவிரவாதக் குழுவில் இருந்தீர்களா, இல்லை. கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா, இல்லை. அவற்றுக்கு நடுவே ஒரு கேள்வி: அமெரிக்காவில் எப்போதாவது அனுமதியில்லாமல் வேலை செய்திருக்கிறீர்களா?

என் பேனா நின்றதை அவர் பார்த்துவிட்டார்.

"நோ போடு."

"பொய் ஆகுமே."

"எது பொய்? இங்க எந்த கம்பெனில வேலை செஞ்ச? பே ஸ்டப் இருக்கா? டாக்ஸ் ஃபார்ம் இருக்கா? ஒண்ணும் கெடையாது."

"வேலை செஞ்சேன்ல."

"வீட்ல உக்காந்து டைப் அடிச்ச. வீட்லதான் சமைக்கற. அதையும் எழுதுவியா?"

சொன்னதும் அவருக்கே உறைத்துவிட்டது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"பதினோரு வருஷம்மா. பிடிக்காத மேனேஜர்ட்ட, பிடிக்காத வேலைல, மாத்தினா தேதி போயிடுமோன்னு பயந்து பயந்து உக்காந்திருக்கேன். இப்ப நீ யெஸ் போட்டா ஒரு க்வெரி வரும். அப்புறம் இன்னொண்ணு. நடுவுல லேஆஃப் வந்தா அறுபது நாள்தான். மூட்ட கட்டணும். உனக்கு அது புரியுதா?"

புரிந்தது. அவர் பயந்தது நியாயமான பயம். போன வருடம் அவர் குழுவில் ஒருவர் அப்படித்தான் இரண்டு மாதத்தில் சோபாவை விற்று, காரை விற்று, குழந்தையைப் பள்ளியிலிருந்து நிறுத்திக்கொண்டு போனார். அந்த சோபாதான் எங்கள் வீட்டில் இருக்கிறது.

"நீங்கதானே பண்ணுன்னு சொன்னீங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"நான் அப்படிச் சொல்லவே இல்ல."

அந்தக் கட்டத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பூர்த்தி செய்தோம். ஒரு வாரம் படிவம் அப்படியே மேசையில் கிடந்தது. சாப்பிடும்போது அதை நகர்த்தி வைத்துவிட்டுச் சாப்பிட்டோம். கட்டிடத்தில் யாராவது படத்தைப் பாராட்டினால் பேச்சை மாற்றினேன். லிஃப்டில் ஆட்கள் இருந்தால் படியேறினேன்.

புதன்கிழமை அவர் சொன்னார்: "அட்லீஸ்ட் அந்தப் பேரையாவது எடுக்கச் சொல்லு."

தோழியை அழைத்தேன்.

"இனிஷியலோட வேணும்னு அடம் பிடிச்சது நீதானடி?"

"நான்தான்."

"இப்ப யாருக்குப் பயம்?"

"எல்லாருக்கும்."

"ஃபைல மாத்தி அனுப்பறேன். ரெண்டு நாள்ல மாறிடும். ஆனா ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. பேர எடுத்துட்டா நீ பண்ணலன்னு ஆயிடுமா?"

மாறிவிட்டது என்று சனிக்கிழமை செய்தி அனுப்பினாள். ஞாயிறு மதியம், சரிபார்ப்பதற்காக என்று சொல்லி, கணவர் படத்தைப் போட்டார். கடைசி நிமிடத்துக்கு நேராகப் போயிருக்கலாம். ஆனால் முதலிலிருந்து ஓடவிட்டார். அவர் அதுவரை படத்தைப் பார்த்திருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் சோபாவின் மறுமுனையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

நடிகை கப்பலிலிருந்து இறங்கினார். மழையில் பாவாடை நனைந்து கனத்து, இரண்டு பேர் தூக்கிப் பிடிக்க, அந்தப் பெரிய வீட்டுக்குள் நடந்தார். கணவர் பிரெஞ்சைக் கேட்கவில்லை. நான் எழுதியதைப் படித்துக்கொண்டிருந்தார். அவர் கண்கள் திரையின் கீழ்ப்பகுதியில் இடமிருந்து வலமாக ஓடுவதை ஓரத்திலிருந்து பார்த்தேன். மாமியார் பேசும் ஒரு இடம் வந்தது. ஆங்கிலத்தில் வெறுமனே, அவள் அவசரப்படுகிறாள் என்ற பொருளில் இருந்தது. நான் எழுதியிருந்தேன்: 'வந்து மூணு மாசம் ஆகல, சாவிக்கொத்துக்கு இடுப்பைத் தேடுறா.' அவர் சத்தமாகச் சிரித்துவிட்டார்.

"எங்க பெரியம்மாவே பேசற மாதிரி இருக்கு. இத நீயா எழுதின?"

"ஆமா."

"இந்த மாதிரி எத்தன வரி?"

"ஆயிரத்து நானூத்திச் சொச்சம்."

விருந்துக் காட்சியில் அந்தப் பெண் அரை நொடி பிந்திச் சிரித்தபோது, "பாவம், இவளுக்குப் புரியல" என்றார். விமர்சகர்கள் யாருக்கும் தெரியாதது அவருக்குத் தெரிந்தது. படம் முடிந்து பெயர்கள் ஓடின. கறுப்பில் கடைசி அட்டை வந்தது. தமிழ் மொழிபெயர்ப்பு என்று இருந்தது. கீழே அந்த நிறுவனத்தின் பெயர். அவ்வளவுதான். அவர் கேட்டது நடந்திருந்தது. ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, திரை அணைந்த பிறகும் உட்கார்ந்திருந்தார். பிறகு, குப்பைப் பை நிறையவே இல்லை, அதைக் கட்டி எடுத்துக்கொண்டு கீழே போனார்.

எனக்கு அப்போது வந்தது நிம்மதி அல்ல. முன்பு நான் ஒன்றைச் சொல்லாமல் மட்டுமே இருந்தேன். இப்போது ஒன்றை அழித்தும் இருக்கிறேன். சோதனைப் பிரிவில் எங்களுக்கு முதலில் சொல்லித் தருவது, பிழையைக் கண்டால் பதிவை அழிக்காதே என்பதுதான்.

மறுநாள் மதிய இடைவேளையில் அலுவலகப் பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து, கணவரிடம் சொல்லாமல், வழக்கறிஞரை அழைத்தேன். அமெரிக்கப் பெண்மணி; எதையும் அவசரமாகச் சொல்லாதவர். சென்னை நிறுவனம், சென்னைக் கணக்கு, சென்னை மடிக்கணினி என்று என் எட்டுக் காரணங்களையும் வரிசையாகச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றைத்தான் கேட்டார். வேலை செய்தபோது நீங்கள் உட்கார்ந்திருந்த நாற்காலி எந்த ஊரில் இருந்தது?

"இர்விங்கில்."

அப்படியானால் வேலை இர்விங்கில்தான் நடந்தது என்றார். எத்தனை நாள் என்று கேட்டார். எழுபத்தேழு நாள் என்றேன். இவ்வளவு சரியாக எப்படித் தெரியும் என்றார். தாள் இருக்கிறது என்றேன். எங்களைப் போன்ற விண்ணப்பங்களில் குறிப்பிட்ட நாட்களுக்கு உட்பட்ட மீறலைச் சட்டம் மன்னிக்க இடம் உண்டு, உங்களுடையது அதற்குள் வருகிறது என்றார். ஆனால் படிவத்தில் இல்லை என்று பொய் குறித்து அது பின்னால் தெரியவந்தால், அதற்கு அப்படி இடம் இல்லை. பெயரை எடுக்கச் சொன்னதையும் சொன்னேன். இனி எதையும் எடுக்கவோ மாற்றவோ வேண்டாம், எடுத்ததையும் எழுதுங்கள் என்றார். எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் சொல்லவில்லை. சொல்வார் என்று காத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து அறிக்கையை எழுதினேன். என்ன வேலை, யாருக்காக, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எங்கே உட்கார்ந்து, பெயர் எப்போது வந்தது, எப்போது யார் கேட்டு நீக்கப்பட்டது. ஒன்றரைப் பக்கம். கட்டத்தில் 'ஆமாம்' என்று குறித்தேன். கணவர் வந்ததும் இரண்டையும் அவர் முன்னால் வைத்தேன்.

ஷூவைக் கழற்றாமல் நின்றபடியே படித்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டாவது முறை உட்கார்ந்து படித்தார்.

"என்ட்ட கேக்காமலே லாயர்ட்ட பேசிட்டியா?"

"கேட்டா நீங்க வேணாம்னு சொல்லுவீங்க. அப்புறம் உங்களையும் மீறிப் பண்ண மாதிரி ஆகும்."

"இப்ப மட்டும் என்னவாம்?"

அவர் காகிதத்தைத் திருப்பினார்.

"'எனக்குத் தோன்றியதால் செய்தேன்'னு எழுதிருக்க. நான் பண்ணுன்னு சொன்னேன்ல. அத ஏன் போடல?"

முதல்முறையாக அதை அவர் வாயால் சொன்னார்.

"கேள்வி என்னப் பத்திதானே. உங்களப் பத்தி அவங்க கேக்கல."

அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் போட்டார். அழுத்திப் போட்டதில் ஒரு பக்கத்தில் பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது. அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி அச்செடுத்தோம். அதன்பிறகு பல நாள், வண்டிக்கு எண்ணெய் மாற்றணும், தோசை மாவு தீர்ந்துடுச்சு என்ற அளவில்தான் பேச்சு.

விண்ணப்பம் போனது. கைரேகை எடுத்தார்கள். மருத்துவப் பரிசோதனை முடிந்தது. அவரோடு தேதி வந்த அலுவலக நண்பர்கள் இரண்டு பேருக்கு நேர்காணல் இல்லாமலே கார்டு வந்துவிட்டது. அவர்கள் வீட்டுப் பாயசத்தைக் குடித்துவிட்டு வந்தோம். எங்களுக்கு நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. என் பதிலால்தானா, இல்லை எல்லோருக்கும் வருவதுபோல் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. அவர் கேட்கவில்லை. நான் கொண்டுபோக வேண்டியவற்றைப் பட்டியலிட்டேன். இருபத்திரண்டு வரி, ஒன்றுகூட நீளத்துக்காகச் சேர்த்ததில்லை.

நேற்று காலை அவர் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்து, வழக்கறிஞர் அனுப்பியிருந்த கேள்விகளை எடுத்துக்கொண்டார். அதிகாரிபோல் என்னைக் கேட்டுப் பழக்கப்போகிறாராம். பிறந்த தேதி கேட்டார். கல்யாணம் எந்த ஊரில் என்று கேட்டார். கடைசியாக எப்போது நாட்டுக்குள் வந்தீர்கள் என்று கேட்டார். ஆங்கிலத்தில், முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு. தீவிரவாதக் குழு, கைது எல்லாம் முடிந்தது. அடுத்ததைப் பார்த்தார். பக்கத்தைத் திருப்பி, அதற்கு அடுத்த கேள்விக்குப் போனார்.

"ஒண்ணு விட்டுட்டீங்க" என்றேன்.

"அது தெரிஞ்சதுதானே."

"கேளுங்க. அங்க வாய் கொழறக் கூடாது."

அவர் பக்கத்தைப் பின்னால் திருப்பினார். விரலை அந்த வரியில் வைத்துக்கொண்டு கேட்டார். அதிகாரியின் குரலில் இல்லை, அவருடைய குரலில்.

நான் ஆமாம் என்று சொன்னேன். எங்கே, எப்போது, எத்தனை நாள் என்று சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகாமல், அதையே இன்னொரு முறை கேட்டார். நேர்காணல் செவ்வாய்க்கிழமை.